ஒரு லிட்டர் கலக்காத பெட்ரோல் கொடுங்கள்

பழைய வண்டி ஒன்று திடீரென்று திணற ஆரம்பித்தால் அரியாங்குப்பத்தில் முதலில் வருவது தீர்ப்பு. விசாரணை அப்புறம்தான், அதுவும் வந்தால். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு "மிஸ்ஸிங் அடிக்குதுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் "பிளக்கை மாத்து" என்பார். இன்னொருத்தர் "கார்புரேட்டர் போச்சு, புதுசு போட்டுடு" என்பார். மூணாவது ஆள் மொபைலிலிருந்து தலையைத் தூக்காமலே "எல்லாம் எத்தனால் பண்ற வேலை" என்பார். வண்டியை ஒருத்தரும் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த மூணாவது ஆளோடும், அவரை மறுத்துப் பேசும் அரசாங்கத்தோடும் எனக்கு ஒரே சண்டைதான். ரெண்டு பேரும் சோதிக்காமல் முடிவு சொல்கிறார்கள். ஆனால் ரெண்டு பேருடைய குற்றமும் சமம் கிடையாது. ஒருத்தருக்குச் சோதிக்கத் தெரியாது. இன்னொருத்தர் யாருமே சோதிக்க முடியாதபடி செய்துவிட்டார்.

எஞ்சின் ஓட நாலு விஷயம் வேண்டும். காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் ஒரு பொறி, கசியாத கம்ப்ரஷன். திணறுகிற வண்டியில் இந்த நாலில் ஒன்று கெட்டிருக்கும். எது என்று தெரிய ஸ்பானரை எடுக்கும் முன் கேள்வி கேட்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது திணறுகிறதா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா, மேடு ஏறும்போதா? மழையில் நனைந்த பிறகா, பெட்ரோல் போட்ட மறுநாளா? கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா? கடைசிக் கேள்விதான் பாதி வேலையை முடிக்கும். பிஸ்டன் ரிங் தேய்வதற்கு வருஷங்கள் ஆகும். ஒரே நாளில் வந்த கோளாறு என்றால் தண்ணீர், தூசி, கழன்ற வயர், கிழிந்த ரப்பர் என்று தேட வேண்டும்.

என் வண்டி 2007 மாடல், நூறு சிசி, கார்புரேட்டர் பைக். பெட்ரோல் போட்ட மறுநாள் கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது உதற ஆரம்பித்தது. முதலில் பிளக்கைக் கழற்றினேன். கறுப்பாகக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமாக இருந்தால் பொறி விழவில்லை. பிஸ்கட் நிறம் என்றால் எல்லாம் சரி. என் பிளக் வெளுத்திருந்தது. அதாவது பெட்ரோல் குறைவு, இல்லையென்றால் காற்று அதிகம். வீராம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் பிளக் கேப்புக்குள் பச்சை பூத்துவிடும், அதையும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அடுத்து சோக்கைப் பாதி இழுத்தேன். உதறல் அடங்கிவிட்டது. சோக் காற்றைக் குறைக்கும். காற்றைக் குறைத்ததும் எஞ்சின் சரியாகிறது என்றால் சிக்கல் கலவையில் இருக்கிறது. "பிளக்கை மாத்து" என்ற தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி.

கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் வடித்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் இல்லை. துரு நிறத்தில் மெல்லிய தூள் இருந்தது. ஜெட்டில் அதே தூள் அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்து மாட்டியதும் பாதி சரியானது. மீதிப் பாதிக்குக் காரணம் கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயில் இருந்த விரிசல். அது வழியாகத் திருட்டுக் காற்று போய்க்கொண்டிருந்தது. புது ரப்பர் போட்டதும் உதறல் நின்றது.

இந்த வேலையில் ஒரு விதிதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பிளக், ஃபில்டர், ஜெட், ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடிவிடும், ஆனால் எதனால் கெட்டது என்று தெரியாது. அடுத்த முறையும் எல்லாவற்றையும் மாற்றி, எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க வேண்டியதுதான்.

இப்போது அந்த மூணாவது ஆளிடம் வருகிறேன். தூளும் விரிசலும் எத்தனாலால் வந்தவையா? வந்திருக்கலாம். எத்தனால் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்ததை இளக்கி ஜெட்டுக்கு அனுப்பும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத ரப்பரைக் கெடுக்கும். இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் தேவை 13.5 பக்கம் இறங்கும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய அளவிலேயே ஊற்றும், பிளக் வெளுக்கும்.

ஆனால் பதினெட்டு வருஷ டேங்க் எத்தனால் இல்லாமலும் துருப்பிடிக்கும். பதினெட்டு வருஷ ரப்பர் வெயிலில் நின்றாலே வெடிக்கும். எது உண்மை? கண்டுபிடிக்க வழி எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு பெட்ரோலை மட்டும் மாற்று. எத்தனால் கலக்காத பெட்ரோலில் ரெண்டு மாசம் ஓட்டி, பிளக் நிறத்தையும் மைலேஜையும் ஒப்பிடு.

எந்தப் பெட்ரோல் பங்க்கில் போய் அதை வாங்குவது?

இதுதான் என் புகார். சந்தேகப்படும் பொருளை நீக்கிவிட்டுப் பார்ப்பதுதான் சோதனையின் அடிப்படை. அந்த ஒரு பொருளை மட்டும் நீக்க முடியாதபடி நாடு முழுக்க ஒரே பெட்ரோலை ஊற்றிவிட்டு, "கெடுதல் என்று நிரூபி பார்க்கலாம்" என்கிறார்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் இருக்கிறதே என்பார்கள். சில நகரங்களில் சில பங்க்குகளில், மிக அதிக விலைக்கு விற்கும் சரக்கு அது. மொபெட்டில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அக்காவுக்கு அதைச் சிபாரிசு செய்வீர்களா?

பங்க்கில் கேட்டால் வடிதாள் சோதனை செய்து காட்டுவார்கள். அது அழுக்கைத்தான் காட்டும். அடர்த்தியும் காட்டுவார்கள். எத்தனாலின் அடர்த்தி பெட்ரோலை ஒட்டியே இருப்பதால் அதிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீட்டில் செய்யலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, நெருப்புப் பக்கம் போகாமல் அப்படியே வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். கீழ் அடுக்கு 28 பக்கம் நின்றால் கிட்டத்தட்ட 20 சதவீதம். கலந்திருப்பதை இப்படி அறியலாம். கலக்காததை உருவாக்க முடியாது.

இது யாருக்கும் தோன்றாத யோசனை என்று நினைக்காதீர்கள். 2021 ஜூனில் வந்த நிதி ஆயோக் குழுவின் அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவையைப் பாதுகாப்பு எரிபொருளாகத் தொடர்ந்து விற்க வேண்டும் என்றது. மைலேஜ் பழைய ரக இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் கார்களில் 6 முதல் 7 சதவீதமும் குறையும் என்று அதே அறிக்கை சொன்னது. அதை ஈடுகட்ட விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றது. 2030க்கு வைத்த இலக்கை 2025க்கு முன்னே இழுத்தார்கள். இந்த ரெண்டு பரிந்துரையையும் வழியில் இறக்கிவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம், பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவுதான் என்று விளக்கம் கொடுத்தது. யாருக்குக் குறைவு? எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்லிக் கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. அதே மாதம் அமைச்சர் நிதின் கட்கரி, இந்த எதிர்ப்பெல்லாம் காசு கொடுத்து நடத்தும் பிரச்சாரம் என்றார். எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ரப்பருக்கு நான்தான் கொடுத்தேன்.

பிரேசிலைப் பார் என்பார்கள். பார்க்கலாம். 1975இல் தொடங்கி, அதற்கேற்ற வண்டிகளைச் செய்து, 2003இல் எதை ஊற்றினாலும் ஓடும் கார்களையும் கொண்டுவந்தார்கள். எத்தனால் தனி, கலந்த பெட்ரோல் தனி என்று பங்க்கில் விலை போட்டிருக்கும், ஓட்டுபவர் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் 15 சதவீதக் கலவைக்கே, 2001க்கு முந்தைய கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஊற்றாதே என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நம் ஊரில் 2023 ஏப்ரலுக்குப் பிறகுதான் 20 சதவீதத்தைத் தாங்கும் பாகங்களோடு வண்டி வரத் தொடங்கியது. அதற்கு முன்னால் வாங்கியவர்களை என்ன செய்வதாக உத்தேசம்?

எத்தனால் திட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைவதும், கரும்பு விவசாயிக்குப் பணம் போவதும் நல்ல காரணங்கள். ஆக்டேன் கூடுவதும் உண்மை. ஆனால் நல்ல காரணம் இருப்பதாலேயே பரிசோதனையை மூடிவிட முடியாது. பங்க்கில் ஏற்கெனவே சாதா, பிரீமியம் என்று ரெண்டு குழாய் இருக்கிறது. ஒன்றில் கலக்காததை, குறைந்தபட்சம் அந்த அறிக்கை சொன்ன 10 சதவீதத்தை விடுங்கள். எதில் எவ்வளவு என்று குழாய் மேல் எழுதி ஒட்டுங்கள். குறைகிற மைலேஜுக்கு விலையைக் குறையுங்கள்.

உங்களில் நிறைய பேர் அப்பா ஓட்டிய பழைய வண்டியை ஓட்டுகிறவர்கள். அது உதறினால் எத்தனாலைத் திட்டி ஒரு பதிவு போடும் முன் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள், சோக்கை இழுத்துப் பாருங்கள், கிண்ணத்தை வடித்துப் பாருங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள். நம் பக்கம் செய்ய வேண்டிய சோதனையை முடித்துவிட்டுக் கேட்கும்போது அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்குவது கஷ்டம்.