தராசு மாறிற்று, பிடித்த கை மாறிற்றா?

தொழிலாளத் தோழர்களே! கிராணித் தோழர்களே!

“இயந்திரம் பொய் சொல்லாது” என்று இப்போது தோட்டம் தோறும் ஒரு பேச்சு நடமாடுகிறது. பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்ட காலம் போய்க் கைரேகைக் கருவி வந்துவிட்டது. முள் தராசு போய் மின்தராசு வந்துவிட்டது. மண்டோர் கக்கத்தில் இடுக்கியிருந்த நோட்டுப் புத்தகம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. இனி மண்டோருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேச்சே இராது, எல்லாம் நேர்மை, எல்லாம் வெளிச்சம் என்று நிர்வாகத்தினர் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. நம்மவர்களிலும் சிலர் தலையாட்டுகிறார்கள்.

நான் லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவன். கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்துக்கு மலைத்தோட்டத்தான் என்ன சொல்ல வந்தான் என்று எண்ண வேண்டாம். உங்களுக்குப் பால், எங்களுக்குக் கொழுந்து. இரண்டும் தராசில் ஏறித்தான் சம்பளமாக இறங்குகின்றன. இங்கே இன்று நடப்பது உங்கள் பால் ஸ்டோரில் நேற்றே நடந்திருக்கும், அல்லது நாளை நடக்கும்.

இயந்திரத்துக்கு நான் விரோதி அல்லன். பழைய தராசைப் பூப்போட்டுக் கும்பிடுகிறவனும் அல்லன். தட்டைக் கட்டைவிரலால் தாங்கிப் பிடித்த மண்டோரையும், பாலில் இருக்கும் ரப்பர் விகிதத்தைக் குறைத்து எழுதிய கிராணியையும் நம் பாட்டன்மார் நன்கு அறிவார்கள். என் கேள்வி வேறு. தோட்டத்தின் வழக்கம் அப்படியே இருக்க, கருவியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

கங்காணி காலத்தை நினைத்துப் பாருங்கள். கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. காய்ச்சலில் படுத்தவனையும் லயத்திலிருந்து கிளப்பிப் பெரட்டில் நிறுத்தச் செய்தது அந்தக் காசுதான். கங்காணியும் நம்மூர்க்காரர், நம் பாஷைக்காரர், பலருக்கு மாமன் மச்சான் உறவும் கூட. பிறவியிலேயே கல்நெஞ்சு என்று அவரைச் சொல்ல முடியுமா? காசு வருகிற வழி எதுவோ அந்த வழியே மனிதனின் நடத்தையும் போயிற்று. 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி ஆள்கட்டும் முறை அத்தோடு முடிந்தது. முடிந்தது முறைதானே தவிர, வருகைக் கணக்கைக் கொண்டே தொழிலாளியின் மானத்தை அளக்கிற புத்தி முடியவில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தம் நம் சரித்திரத்தில் மறக்க முடியாதது. ஆர். எச். நாதனின் தலைமையில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக எங்களுக்கு உரிமை வேண்டும் என்றார்கள். துரைக்கு முன்னால் மட்டுமா? ஆசியச் சிப்பந்திகளுக்கு முன்னாலும் என்றார்கள். அந்தச் சிப்பந்திகள் யார்? நம் கிராணிமார்தாம்! இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொருவனும் இறங்கினான். அதற்குப் பெயர்தான் வழக்கம். இன்று பட்டணத்து ஓட்டல்களில் கூட்டம் போட்டு, ‘நிறுவனப் பண்பாடு’ என்று படம் காட்டிப் பேசுகிறார்களே, அது வேறொன்றுமில்லை, இந்தச் சைக்கிள் கதைதான். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டதற்குப் பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

மின்தராசு எடையைச் சரியாகவே காட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை நாளில் கொழுந்து ஈரமாக வரும். ஈரத்துக்கென்று நூற்றுக்கு இத்தனை என்று கழிக்கிறார்கள். அந்த ‘இத்தனை’யைத் தராசா தீர்மானிக்கிறது? ஆபீசில் உட்கார்ந்து ஒருவர் எண்ணைத் தட்டி வைக்கிறார். முன்பு மண்டோர் கழித்தால், “மண்டோரே, கையைப் போட்டுப் பாரும், இலை காய்ந்துதானே கிடக்கிறது!” என்று கூடையடியில் நின்று சண்டை பிடிக்கலாம். பாதி நாள் அவர் இறங்கியும் வருவார், பக்கத்தில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று. இப்போது மழை விட்டு மூன்று மணி நேரமானாலும் அந்த எண் அங்கேயே நிற்கிறது. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? உங்கள் பால் ஸ்டோரிலும் இதே சங்கதிதான். வாளியின் எடை எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிறது. அதை ரப்பர் எடையாக மாற்றுகிற விகிதம் யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். சம்பளத்தில் கழித்தால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, எதற்காகக் கழித்தாய் என்று கேட்கும். எடையில் கழித்துவிட்டால் சம்பளச் சீட்டில் கழிவு என்ற சொல்லே இராது!

கைரேகைக் கருவியின் சிறப்பையும் கேளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோட்டம். இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஓர் அம்மாள். கத்தரி பிடித்துத் தழும்பேறிய விரல், தேயிலைக் கறை ஏறிய விரல். கருவி அந்த விரலை மூன்று நாள் ஏற்கவில்லை. மண்டோர், “போங்கக்கா, பிறகு பார்த்துக்கலாம்” என்று மலைக்கு அனுப்பிவிட்டார். மாதக் கடைசியில் மூன்று நாள் ‘வரவில்லை’ என்று சீட்டு வந்தது. ஆபீசில் போய்க் கேட்டால், “கம்ப்யூட்டர்ல இல்லையேக்கா, நான் என்ன செய்யட்டும்?” என்றார் அங்கிருந்த கிராணி. அந்த அம்மாள் கேட்டார்: “நான் வரலைன்னா அந்த மூணு நாளும் என் பேர்ல கொழுந்து எப்படித் தம்பி நிறுத்தீங்க?” தராசுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் எடை இருக்கிறது! ஒரே ஆபீசில் இரண்டு இயந்திரங்கள். ஒன்று வந்தாள் என்கிறது, மற்றொன்று வரவில்லை என்கிறது. இரண்டில் தொழிலாளிக்குப் பாதகமானதையே ஆபீசு நம்பிற்று. இப்படித்தான் நம்பு என்று எந்த இயந்திரம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? சங்கம் தலையிட்டுப் பணம் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மூன்று நாள் பெரிதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும், குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆணை வந்தது. துண்டுக் கூலிக்காரருக்கும் அது பொருந்தும். ‘வரவில்லை’ என்று ஒரு நாள் விழுந்தால் அந்த 1,700க்கே அடியில் ஓட்டை விழுகிறது.

இது நம் மலையோடு நிற்கிற கதையன்று. தமிழ்நாட்டிலும் இந்தியா முழுவதிலும் நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2021இல் ஒரு கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து எல்லா வேலைத் தலங்களிலும் அதைக் கட்டாயமாக்கினார்கள். வேலை செய்கிறவர்களை நாளைக்கு இரண்டு தடவை படம் பிடித்து அனுப்பவேண்டும். எதற்கு? போலி வருகையை ஒழிக்க! நடந்தது என்ன? சிக்னல் கிடைக்காத கிராமத்தில் ஏரி வெட்டிய ஏழைக்குக் கூலி போயிற்று. தில்லியில் போய்த் தர்ணா இருந்தார்கள். சரி, போலியாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் அந்த அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே திரும்பப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஒரே படத்தைப் பல வருகைப் பட்டியலில் போடுகிறார்கள் என்று தன் வாயாலேயே பட்டியல் கொடுத்தது. திருடுகிறவன் புது வித்தை கற்றுக்கொண்டான். உழைக்கிறவள் வெயிலில் நின்று படத்துக்கு முகம் காட்டினாள்.

நம் கிராணித் தோழர்கள், இதெல்லாம் தொழிலாளிக்கு வருகிற தொல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் கிளைத் தபாலாபீசு நடத்தியவர்களின் கதை நம் கதை. 1999இல் தொடங்கி ‘ஹொரைசன்’ என்ற கம்ப்யூட்டர்க் கணக்கு அங்கே புகுந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டிற்று. சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார்கள், மறுபடியும் குறைந்தது. தலைமையைக் கேட்டால், “உமக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, வேறு யாருக்கும் இல்லை” என்ற பதில் பலருக்கும் கிடைத்தது. 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருடர், மோசடிக்காரர் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிறை போனவர்களில் கர்ப்பிணியும் உண்டு. வீடு விற்றவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கோளாறு கம்ப்யூட்டரில் இருந்தது என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2019 டிசம்பர் ஆயிற்று. தீர்ப்புகளை மொத்தமாக ரத்துச் செய்ய 2024இல் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. அந்த நாட்டுச் சட்டம் வேறு, கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்யும் என்று முன்கூட்டியே நம்பி நின்றது. அன்று ‘கம்ப்யூட்டர் சொல்கிறது’ என்று நாம் தொழிலாளியிடம் கைவிரிக்கிறோம். நாளை அதே வாக்கியத்தை ஆடிட்டர் நம் மேசைக்கு முன்னால் வந்து நின்று சொல்வார். நமக்காகப் பேச அப்போது யார் இருப்பார்?

நிர்வாகத்தினரிடம் நன்னெறிக் கோவை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆபீசுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆங்கிலத்தில். அதற்குக் கீழே வரிசையில் நிற்பவர் நேப்பாளி, வங்காளதேசத்தார், இந்தோனேசியர், மிச்சமிருக்கும் நம் தமிழர். நாட்டின் பெரிய செம்பனைக் கம்பெனிகளிடமும் அப்படிப்பட்ட கோவைகள் இருக்கத்தான் செய்தன. ஆயினும் 2020 செப்டம்பரில் எஃப்ஜிவியின் எண்ணெயையும், டிசம்பரில் சைம் டார்பியின் எண்ணெயையும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. வேலைக்கு வர ஏஜண்டிடம் தொழிலாளி கொடுத்திருந்த பணத்தை அதற்குப் பிறகே சைம் டார்பி திருப்பிக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் அதன்மேல் இருந்த தடை நீங்கிற்று. துறைமுகம் மூடிய பிறகு வந்த தர்மம் அது. வந்தவரைக்கும் நல்லது என்றே நான் சொல்வேன். ஆனால் கண்ணாடிச் சட்டம் சாதிக்காததை எது சாதித்தது என்று கவனித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே சம்பளத்தைப் பேசுவதுபோல இயந்திரத்தையும் ஒப்பந்த மேசையில் வைத்துப் பேசவேண்டும் என்கிறேன். நிறுத்த இடத்திலேயே எடை, கழிவு, விகிதம் மூன்றும் அச்சிட்ட சீட்டு, தொழிலாளி படிக்கும் மொழியில், அவர் கையில் விழவேண்டும். ஈரக் கழிவையும் ரப்பர் விகிதத்தையும் சங்கப் பிரதிநிதி பக்கத்தில் இருந்து பார்க்காமல் யாரும் மாற்றக்கூடாது. விரலைக் கருவி ஏற்காத நாளில் மண்டோரும் தொழிலாளியும் புத்தகத்தில் ஒப்பம் போட்டால் அது முழு வருகை. வரவில்லை என்று சொல்கிறவர் அதை மெய்ப்பிக்கட்டும்! இயந்திரக் கணக்கு ஒன்றை மட்டும் சாட்சியாக வைத்து யாரையும், கிராணியையும் சேர்த்தே சொல்கிறேன், தண்டிக்கக்கூடாது. கைரேகை நம் உடம்பின் சொத்து. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024இல் வந்த திருத்தம் அதை நுண்மையான தகவல் வகையில் சேர்த்திருக்கிறது. பெரட்டில் விரலை நீட்டச் சொல்லும் முன் நம்மிடம் கேட்டார்களா?

மேசைக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஆதலால் இன்று முதல் ஒரு சிறு நோட்டு வாங்குங்கள். நிறுத்த எடை, கழித்த எடை, மழையா வெயிலா, விரல் எத்தனை தடவையில் விழுந்தது, இந்த நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதட்டும். இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் ஆபீசில் எழுத்து மூலம் கேட்போம். பதில் இல்லையென்றால் வேலைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி தொழிலிலாகாவுக்கு மனுப் போடுவோம். மனு எழுதத் தெரிந்த கிராணித் தோழர்கள் அன்று மாலை ஒரு மணி நேரம் முன்னதாக வந்து உட்காருங்கள். பேனாவும் காகிதமும் கிளைச் செலவு.