ஊரும் விஞ்ஞான நூதனசாலையும்

எமது கல்லூரியில் விழா நினைவாக விஞ்ஞானக் காட்சியறை ஒன்று அமைத்தல் வேண்டுமெனப் பழைய மாணவர் சிலர் கருதுகின்றனர். நன்முயற்சியே. தமிழாசிரியருக்கு இதில் என்ன பேச்சென அன்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்க, எனினும் பொருள் செலவாகுமுன் ஒன்று உரைக்க விழைகின்றோம்.

பிறநாட்டுப் பொறிகளை வரவழைத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக வைத்தால் மட்டும் அது நூதனசாலை ஆகிவிடாது. தான் நிற்கும் ஊரோடு அதற்கு உறவு வேண்டும். இங்கிலாந்திலே மான்செஸ்ரர் நகரத்து விஞ்ஞான, கைத்தொழில் நூதனசாலையை இதற்குச் சான்றாகக் காட்டுவோம். யாம் அதனை நேரிற் கண்டிலேம். நூல்களிற் படித்தும், அந்நகர் சென்று மீண்ட எம் மாணவர்பாற் கேட்டும் அறிந்தோம்.

அஃது அதற்கெனப் புதிதாகக் கட்டிய மாளிகை அன்று. 1830 ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 ஆம் நாள் லிவர்பூலுக்கும் மான்செஸ்ரருக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிய பொழுது பிரயாணிகள் வந்திறங்கிய நிலையமே அது. 1844 இல் பிரயாணிகள் வேறு நிலையத்துக்குப் போயினர். 1975 வரை பண்டங்களே ஏறி இறங்கின. பழையதென இடித்துத் தள்ளாது, 1983 இல் அவ்விடத்தையே நூதனசாலையாகத் திறந்தனர். அன்றைய பண்டகசாலையும் அங்கே நிற்கின்றது. நிலக்கரி கொணர்ந்த பழைய கால்வாயின் முடிவிடமோ கூப்பிடு தூரம். உள்ளே பஞ்சு நூற்கும் பொறிகளைக் காணும் சிறுவன், வெளியே வந்ததும் பஞ்சாலைக் கட்டடங்களையும் காண்கின்றான். நூல் அறாதிருக்க ஈரக் காற்று வேண்டும்; அந்நாட்டு ஓயாத மழைத்தூறலும் அத்தொழிலுக்குத் துணையாயிற்று என்பதை அவனுக்கு எவரும் விரித்துரைத்தல் வேண்டா. தலை நனைந்தே வந்தவன் அவன்!

விஞ்ஞான விதி எவ்வூர்க்கும் பொது, அதற்கு ஊர்ப்பெயர் எதற்கு என்பாரும் உளர். விதி பொதுவே, அதைத் தேடிய மனிதன் ஓர் ஊரில் வாழ்ந்தான். அணுக்கொள்கை தந்த தாற்றன் 1793 முதல் இறக்குமளவும் மான்செஸ்ரரில் வாழ்ந்து, பிள்ளைகளுக்குக் கணிதங் கற்பித்துப் பிழைத்தவர். வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அளந்த யூல் அவரிடம் படித்த மாணாக்கர். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இச்செய்தி தனியின்பம் தருவது, பொறுத்தருள்க. நினைவகத்தில் ஏற்றிய நிரலை முதன்முதல் இயக்கிய கணினியும் அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலேயே 1948 யூன் 21 இல் இயங்கிற்று. அதன் மறுபடியை நூதனசாலையில் வைத்துள்ளனர்.

ஆயினும் ஊர்ப்பெருமை மட்டும் பேசும் நூதனசாலையை யாம் ஒப்போம். அப்பொறிகள் உண்ட பஞ்சிற் பெரும்பங்கு அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. அங்கே 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு வரவு குன்றியபோது ஆலைகள் மூடின, தொழிலாளர் பசித்தனர். பசித்திருந்தும் 1862 டிசெம்பர் 31 இல் மான்செஸ்ரரிற் கூடி, அடிமைத்தளை அறுதல் வேண்டுமென இலிங்கனுக்கு எழுதினர். அவரும் மறுமொழி விடுத்தார். இதனை உரையாது பொறியை மட்டும் சுழற்றிக் காட்டுதல் பாதிக் கல்வியே. எமக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. அப்பகுதி ஆலைத்துணி கீழ்நாட்டுச் சந்தைகளில் நிறைய, இந்தியக் கைத்தறியாளர் நலிந்தனர். காந்தியடிகள் கதர் நிதி திரட்ட 1927 இல் யாழ்ப்பாணம் வந்தார். அவரே 1931 இல் இலங்காசயர் சென்று, வேலையிழந்த ஆலைத்தொழிலாளரையும் கண்டு பேசினார்.

இனி, எமது அறைக்கு வருவோம். குடாநாட்டிற் பேராறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உட்புகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மிகையாக இறைப்பின் அடியிலுள்ள உவர் மேலெழும். இதனைப் பாடமாக மனனஞ் செய்தும், தம் வீட்டுக் கிணற்றுள் எட்டிப் பாராத மாணவரைக் கண்டிருக்கின்றோம். ஆதலால், விலையுயர்ந்த பொறிக்கு எழுதுமுன், கல்லூரிக் கிணற்றின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஒன்றை முதற்சுவரில் வரைவியுங்கள். அதனருகே ஒரு பலகையும் வேண்டும். நீர்மட்டத்தையும் உவரையும் மாதந்தோறும் மாணவரே அளந்து அதில் எழுதுவர். சுண்ணக்கட்டிச் செலவை யாம் ஏற்போம்.