சட்டைக்கை உரைக்கும் சரித்திரம்

பழைய கடற்படை உடைகளைச் சேகரிப்போருள் சிலர், அவற்றின் சின்னங்களை வெட்டியெடுத்துத் தனியே வைக்கின்றனர். இது தகாத செயல் என்பதே நம் கருத்து. சின்னம் எந்தக் கையில் தைக்கப்பட்டிருந்தது என்பதும் அதன் பொருளிற் பாதியன்றோ?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில், மாலுமியின் இடக்கை அவனது பதவியையும் வலக்கை அவனது தொழிலையும் காட்டின. இடக்கையில் ஒற்றை நங்கூரம் 'லீடிங்' பதவியையும், முடியின்கீழ்க் குறுக்கிட்ட இரு நங்கூரங்கள் பெட்டி ஆபீசரையும் குறித்தன. வலக்கையில் கப்பலை உந்தும் விசிறிச்சக்கரம் கொதிகலனருகே உழைத்த ஸ்டோக்கருக்கும், சிறகுகளோடு கூடிய மின்னற்கீற்று தந்திக்காரனுக்கும் உரியன. சிறப்புடையில் பொன்னிழையும், அன்றாடக் கருநீல உடையில் செந்நூலும், வெள்ளுடையில் நீலநூலும் வழங்கின.

இடக்கையின் மூன்று கோணப்பட்டைகளைக் கண்டு, தரைப்படைச் சார்ஜண்டுக்கு ஒப்பானவன் என மயங்குவோர் உளர். அவை முறையே 3, 8, 13 ஆண்டுச் சேவையில் நன்னடத்தைக்காக அளிக்கப்பட்டவை, அதிகாரக் குறியல்ல. நங்கூரமின்றி முப்பட்டை மட்டும் அணிந்தவன், பதவியுயர்வு பெறாமலே நெடுங்காலம் செவ்வனே உழைத்த எளிய மாலுமி. அவனை அதிகாரி என்று எழுதிவைப்பின், அவனது உண்மை வாழ்வு மறைந்துவிடும்.

ஆதலின், உடையைச் செப்பனிட நேரினும், சின்னம் இருந்த கையையும் நூலின் நிறத்தையும் முதலிற் குறித்து வைத்தல் வேண்டும்.