மணவுறவும் பிரசாவுரிமையும்

திருமணம் இரு குடும்பங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு என்றே எமது சமூகம் நெடுங்காலம் கருதி வந்துள்ளது. ஆயின், கடந்த முக்கால் நூற்றாண்டாகப் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இயற்றப்பட்ட சட்டங்களை நோக்குவார், மணப்பந்தலில் அரசும் அழையா விருந்தாளியாக அமர்ந்திருப்பதைக் காண்பர். யார் யாரை மணந்தார், மனைவி எங்கு வாழ்ந்தாள், பிள்ளை எந்த ஆண்டிற் பிறந்தது என்பனவற்றைக் கொண்டே ஒரு மனிதன் இம்மண்ணுக்கு உரியவனா அல்லனா என்று தீர்ப்பளிக்கப்படுகின்றது. உறவு ஒருவருக்கு உரிமையைச் சேர்க்கலாம். உள்ள உரிமையைக் குறைத்தலாகாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எமது நாட்டை நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளிப் பிரசாவுரிமையைத் தந்தை வழியாக மட்டுமே வழங்கிற்று. இலங்கைப் பெண்ணொருத்தி பிறநாட்டவனையோ நாடற்றவனையோ மணப்பின், அவள் வயிற்றுப் பிள்ளைக்குத் தாயின் நாடு தன் நாடாகவில்லை. பத்துமாதம் சுமந்தவளின் தொடர்பு சட்டத்தின் கண்ணுக்குத் தொடர்பாகவே தோன்றவில்லை. இவ்வநீதி 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை, அதாவது ஐம்பத்தைந்து ஆண்டுகள், நிலைத்திருந்தது. தாய்மையைத் தெய்வமெனப் போற்றும் நாட்டில் இது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். மலையகத் தொழிலாளிக்குப் பிரசாவுரிமை வழங்குவதற்கென இயற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட இச்சட்டம், 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும் என விதித்தது. மணமானவருக்கு இது சலுகை போலத் தோன்றலாம். ஆயின் ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்தது சட்டம். விண்ணப்பிக்கும் கணவன் தன் மனைவியும் தன்னைச் சார்ந்த இளம்பிள்ளைகளும் இங்கேயே தொடர்ந்து வாழ்ந்தனர் என்பதையும் மெய்ப்பித்தல் வேண்டும் என்றது. பேற்றுக்காகத் தாய்வீடு சென்ற மனைவி திரும்பத் தாமதித்தால், தேயிலைக் கொழுந்துக்கிடையே கழிந்த கணவனின் வாழ்நாளே ஐயத்துக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. பாட்டாளியின் குடும்பமே அவனுக்கெதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது.

இதனைப் பழங்கதை எனத் தள்ளுவார்க்கு எமது மாவட்டம் மறுமொழி கூறும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியைச் சேர்ந்தவன் யான். 1990இல் மூண்ட போரின்போது திருகோணமலை மாவட்டத்திலிருந்து பல்லாயிரவர் படகேறித் தமிழகஞ் சென்றனர். உயிர் காக்க ஓடியவர் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் பெற்றா ஓடுவர்? எனினும், செல்லுபடியாகும் ஆவணமின்றி நுழைந்தவர் அனைவரும் இந்தியப் பிரசாவுரிமைச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ ஆவர். முகாமில் வளர்ந்த இளைஞர் அயலூர்ப் பெண்களை மணப்பதும், முகாமிற் பிறந்த பெண்கள் அங்குள்ளோரை மணப்பதும் இயல்பே. இவர்தம் பிள்ளைகளின் நிலை என்ன?

2004 டிசம்பர் 3ஆம் நாளிலிருந்து இந்தியாவிற் பிறக்கும் பிள்ளை பிரசையாவதற்குப் பெற்றோர் இருவரும் பிரசைகளாயிருத்தல் வேண்டும். அன்றேல் ஒருவர் பிரசையாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். இராமநாதபுரத்துப் பெண்ணுக்கும் திருகோணமலை அகதிக்கும் 2004 நவம்பரில் மூத்த பிள்ளையும் 2006இல் இளைய பிள்ளையும் பிறந்தன எனக் கொள்வோம். மூத்தது இந்தியப் பிரசை, இளையது அன்று. தூதரகத்திற் பதிந்தால் அது இலங்கைப் பிரசையாகலாம். ஒரே தொட்டிலில் வளர்ந்தவை இரு நாட்டுப் பிள்ளைகளாகும். இந்தியரை மணந்தவர் ஏழாண்டு வதிந்தபின் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்னும் விதியும் அகதிக்கு அடைக்கப்பட்ட கதவே. சட்டவிரோதக் குடியேறிக்கு அது பொருந்தாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அயல்நாட்டவருக்குக் கதவு திறந்தது; அவற்றுள் இலங்கை இல்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழ அகதிகளுக்கு 2025இல் தண்டனை விலக்கு அளிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், தண்டியாமை வேறு, உரிமை தருதல் வேறு.

எல்லையைக் காப்பது அரசின் கடமையன்றோ, போலித் திருமணங்களைத் தடுக்க வேண்டாமோ எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. போலியைக் கண்டறிதல் வேறு; மெய்யான மணத்தை ஐயுறுதல் வேறு. குடியேறுதலே மணத்தின் முதன்மை நோக்கமன்று என்பதை விண்ணப்பதாரரே மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதியைப் பிரித்தானியா நெடுநாள் கைக்கொண்டிருந்தது. 1997இல் அவ்விதியைக் கைவிட்டது. ஆயின் அதே நாடு, துணைவரை அழைப்பவர்க்கு வேண்டிய ஆண்டு வருமானத்தை 2024 ஏப்ரலில் 29,000 பவுணாக உயர்த்திற்று. வறியவன் வெளிநாட்டிற் காதலித்தல் கூடாது என்பதன்றி இதற்கு வேறு பொருள் யாது? மேலும், 2006இற் பிறந்த அப்பிள்ளை எந்தப் போலித் திருமணத்தைச் செய்தது? தண்டனை அதனைச் சேர்வதேன்?

எமது சமூகமும் குற்றமற்றதன்று. சாதகப் பொருத்தத்துக்கு முன் வதிவிட உரிமையை வினவும் பெற்றோர் இன்று எத்தனை பேர்? கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மணமகனின் கடவுச்சீட்டே சீதனத்தின் அளவை உயர்த்துகின்றது. கணவனின் அனுமதியிலே தொங்கிநிற்கும் மனைவி, அவன் அடித்தாலும் வாய் திறக்க அஞ்சுவாள். மணம் முறிந்தால் தங்கும் உரிமையும் முறியும் என்பதை அவள் அறிவாள். உரிமை உறவின் வாலாக இருக்கும்வரை உறவே விலங்காகும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். பெற்றோரின் ஆவணக்குறை பிள்ளையின் பிறப்புரிமையைப் பறித்தலாகாது. அடைக்கலந் தேடி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என வகைப்படுத்தல் ஒழிய வேண்டும். துணைவராக வந்தவர்க்குச் சிறிது காலத்தின் பின் தம் பெயரிலேயே வதிவிட உரிமை கிடைத்தல் வேண்டும். ஊர் திரும்பும் குடும்பங்களுடன் வரும் இந்தியத் துணைவர்க்கு எமது அரசும் அதனை வழங்குதல் வேண்டும்.

1949இல் மலையக மக்களின் குடும்பங்கள் அளக்கப்பட்டபோது வடக்கிலும் கிழக்கிலும் பலர் அது தம் விடயமன்றென வாளாவிருந்தனர். நாற்பதாண்டு கழிந்து அதே அளவுகோல் அக்கரையில் எமது மக்களுக்காகக் காத்திருந்தது. பல்கலைக்கழகத்தார் இனியேனும் இதனைப் பிறர் விடயம் எனக் கருதாதிருப்பாராக.