‘ஒரு வாய்தானே’ என்பவர்களுக்கு

நம் பக்கத்து விருந்து வீடுகளில் ‘வாங்க’ என்பதைவிட அதிகமாகக் காதில் விழும் சொல் ‘ஒரு வாய்தானே’ என்பது. சர்க்கரை வியாதிக்காரர் இலையில் பாயசம் ஊற்றும்போதும் அதுதான். ரத்தக்கொதிப்புக்காரர் இலையில் ஊறுகாய் வைக்கும்போதும் அதுதான். இதை அன்பு என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து வைத்திருக்கிறோம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஏன் என்று இன்று எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கையின் பேத்திக்குப் பதினான்கு வயது. கோதுமை ஆகாது. ‘ஆகாது’ என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. சிறு வயதிலிருந்தே பிள்ளை வெளிறிப்போய் இருந்தாள், வளர்த்தியும் இல்லை. இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் பலனில்லை. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்து, குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் பெயர் சொன்னார்கள். சீலியாக் நோய்.

இந்தப் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆகவே எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி இழுக்கும்போது அது அறுந்துபோகாமல் சேலை மாதிரி விரிகிறதல்லவா? அந்த இழுவைக்குக் காரணமான புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். கோதுமையிலும், பார்லியிலும், ரை என்கிற குளிர்நாட்டுத் தானியத்திலும் இருக்கிறது. அரிசியில், கம்பில், சோளத்தில், கேழ்வரகில் இல்லை. சிலருடைய உடம்பு இந்தக் குளூட்டனைக் கண்டதும் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். சத்தை இழுக்கிற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகும். பிறகு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை வரும், எலும்பு தேயும், குழந்தைகளுக்கு வளர்ச்சி நிற்கும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம்.

இது இன்று நேற்று யாரோ கிளப்பிவிட்ட நாகரிகமும் இல்லை. ஹாலந்து நாட்டில் வில்லெம் டிக்கெ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். கோதுமைதான் காரணமோ என்று அவருக்குப் போருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அங்கே கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடிக் கிடந்தபோது இந்த நோய் கண்ட குழந்தைகள் தேறின. ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தன. 1950-ல் அவர் இதை ஆய்வேடாகவே எழுதிவிட்டார். எனக்கு ஏறக்குறைய அந்த வயதுதான் ஆகிறது.

நமக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2016-ல் நம் நாட்டு மருத்துவர்கள் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வு வெளிவந்தது. வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவே இந்த நோய் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் கணக்குத்தான். அவர்கள் மூன்று வேளையும் கோதுமை சாப்பிடுகிறவர்கள், நாம் அரிசிக்காரர்கள். ஆனால் ஆயிரத்துக்கு ஒருவர் என்றாலும் ஐம்பதாயிரம் பேர் உள்ள ஊரில் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேருக்கும் அத்தை மாமா உண்டு, அவர்கள் வீட்டில் சடங்கும் கல்யாணமும் உண்டு.

அப்படி ஒரு கல்யாணத்துக்குச் சென்ற ஆவணியில் போயிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம், எல்லோரும் சொந்தக்காரர்கள். திருநெல்வேலிச் சீமையில் அல்வா இல்லாமல் இலை ஏது? அல்வா கோதுமைப் பால். பிள்ளை வேண்டாம் என்று கையை இலைக்குக் குறுக்கே வைத்தாள். அதற்கு ஒரு பெரியம்மா, “ஏட்டி, ஒரு வாய்ல என்ன ஆயிரப் போவுது? மாப்ள வீட்டுக்காரங்க பாத்துட்டு இருக்காங்க, தின்னுட்டி” என்றார். பக்கத்தில் இருந்த சித்தப்பா, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் அலர்ஜி” என்று சிரித்தார். பந்தியே திரும்பிப் பார்த்தது. பிள்ளை அழாத குறையாக ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. மயங்கி விழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்து, “பாத்தீங்களாண்ணே, ஒண்ணுமில்ல” என்றார், வழக்கில் ஜெயித்தவர் போல.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த நோயின் சேதாரம் கல்யாண மண்டபத்தில் தெரியாது. உள்ளே குடலில் நடக்கும். அன்று இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்த பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த நான்கு நாளும் பெரியம்மா அங்கே இல்லை. தீர்ப்புச் சொல்கிறவர் ஒரு வீட்டில், தண்டனை அனுபவிக்கிறவர் இன்னொரு வீட்டில்.

‘விருந்தில் ஆளாளுக்குத் தனியாகச் சமைக்க முடியுமா?’ என்று கேட்பார்கள். முடியும். நாம்தான் காலம் காலமாகச் செய்துகொண்டு வருகிறோமே! கார்த்திகை மாதம் மாலை போட்ட மருமகன் வீட்டுக்கு வந்தால் என்ன செய்கிறோம்? அடுப்பைக் கழுவுகிறோம், பாத்திரத்தை மாற்றுகிறோம். “ஒரு துண்டு கறிதானே சாமி” என்று யாராவது சொல்வதுண்டா? கிடா வெட்டி விருந்து வைக்கிற வீட்டிலும் சைவ விருந்தாளிகளுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, தனிப் பந்தி. கறிக்குழம்புக் கரண்டி சாம்பார் வாளிக்குள் விழுந்துவிட்டால் அன்றைக்கு ரகளைதான். சம்பந்தி வீட்டுக்காரருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று தெரிந்தால் அன்று பந்தியிலேயே கத்தரிக்காய் வராது.

ஆக, நமக்குத் தெரியாமல் இல்லை. கரண்டி மாற்றத் தெரியும், எண்ணெய்ச் சட்டி மாற்றத் தெரியும். சாமிக்குச் செய்வோம், சாதிக்குச் செய்வோம், சம்பந்திக்குச் செய்வோம். சீக்காளிக்கு மட்டும் செய்ய மாட்டோம். அதுவும் அந்தச் சீக்காளி ஒரு சின்னப் பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதே நோய் மாப்பிள்ளைக்கு இருந்திருந்தால் அந்த மண்டபத்தில் அல்வா எந்த மூலையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம்மிடம் இதற்குப் பழைய சொல்லும் இருக்கிறது: பத்தியம். மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி குடிக்கிறவரிடம் யாரும் எண்ணெய்ப் பலகாரத்தை நீட்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தனிக் குழம்பு வைக்க எந்த மாமியாரும் அலுத்துக்கொண்டதில்லை. ‘பத்தியம்’ என்று சொன்னால் வாயை மூடிக்கொண்ட அதே ஜனங்கள், ‘குளூட்டன்’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர் மருந்துக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். அதில் பெரும்பகுதி எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்பதுதான். இரண்டும் ஒரே நூலில்தான் இருக்கின்றன.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் ‘ஓத்’ என்று ஒரு சொல். விருந்து வைக்கிறவருக்கும் அதுதான், விருந்துக்கு வருகிறவருக்கும் அதுதான். யார் யார் என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிறு வயதில் இது என்ன குழப்பம் என்று தோன்றியது. இப்போது தோன்றுவது வேறு. இன்று பரிமாறுகிறவர் நாளை இன்னொருவர் பந்தியில் உட்கார வேண்டியவர்தானே?

சம்பிரதாயத்தை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். கோதுமை இல்லாமல் நற்கருணை அப்பமே செல்லாது என்று பிடித்த பிடியில் நிற்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. அந்த ரோமாபுரியே 2003-ல் சுற்றறிக்கை அனுப்பி, இந்த நோயாளிகளுக்குக் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அனுமதித்தது. அதுவும் முடியாதவர்கள் திராட்சை ரசம் மட்டும் பெற்றுக்கொண்டால் போதும் என்றது. அவர்களால் முடிந்தது நம்முடைய கேசரிக் கிண்ணத்தால் முடியாதா?

அப்படியே நம் சம்பிரதாயம்தான் என்ன? கோதுமை என்றைக்கு நம் இலைக்கு வந்தது? நம்முடையது கரிசல் காடும் வானம் பார்த்த பூமியும். கம்மங்கஞ்சியும் சோளச்சோறும் குதிரைவாலியும் தின்று வளர்ந்த ஜனங்கள். அரிசிச் சோறே பல வீடுகளில் விசேஷ நாளைக்குத்தான். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த 1960-களில் அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அரிசி அட்டைக்காரர்களுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியாமல் விழித்த வீடுகள் உண்டு. பிறகு ரவை, சேமியா, மைதா என்று ஒவ்வொன்றாக அடுப்பங்கரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. இன்று காலைப் பந்தியில் கேசரி, பூரி, ரவா கிச்சடி. மாலையில் பரோட்டா, நூடுல்ஸ். நடுவில் சேமியா பாயசம், பாதுஷா. இதுதான் ஆதி சம்பிரதாயம் மாதிரி பேசுகிறோம்.

உண்மையான நெல்லைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மறுவீட்டுக்குச் சொதி, அவியல், கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், இடியாப்பம், புட்டு, பாசிப்பருப்புப் பாயசம், அதிரசம், முறுக்கு. நம் பாட்டிமார் செய்தபடி செய்தால் இதில் கோதுமை எங்கே இருக்கிறது? டெல்லியிலோ பஞ்சாபிலோ ஒரு சீலியாக் பிள்ளையை விருந்துக்கு அழைப்பது பெரிய பாடு. பனவடலிசத்திரத்தில் அழைப்பதற்குப் பாட்டியின் கைப்பக்குவம் இருந்தால் போதும்.

சில இடங்களில் மட்டும் கண் வைக்க வேண்டும். முதலாவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் அது போகிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் வருட உணவு முத்திரை விதிகளே சொல்கின்றன. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. இரண்டாவது எண்ணெய்ச் சட்டி. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தால் அப்பளமும் ஆகாது. மூன்றாவது தோசைக்கல்லும் கரண்டியும். நான்காவது, நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துப் போகும் ஹார்லிக்ஸ் பாட்டில். அது கோதுமையும் பார்லியும்தான். அன்போடு வாங்கிப் போய் விஷத்தைக் கொடுத்துவிட்டு வருவோம்.

இவ்வளவு கறாரா என்று கேட்காதீர்கள். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. ‘ஒரு வாய்’ அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்?

‘நாகரிகத்துக்காகக் கோதுமையை விட்டவர்களும் இருக்கிறார்களே’ என்பார்கள். இருக்கிறார்கள். உடம்பு இளைக்க என்று விட்டவர்களும் உண்டு. டாக்டரிடம் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். முன்கூட்டியே விட்டுவிட்டால் பரிசோதனையில் நோய் சரியாகத் தெரியாது. ஆனால் யாருக்கு நோய், யாருக்கு நாகரிகம் என்று பந்தியில் வைத்து விசாரணைக் கமிஷன் நடத்துவது பரிமாறுகிறவர் வேலையில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முப்பத்துச் சொச்சம் வருடம் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். சான்றிதழ் கேட்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது சாப்பாட்டு இலைதான்.

‘அப்படியானால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே’ என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். இதைத்தான் நான் மன்னிக்கத் தயாரில்லை. அந்தப் பிள்ளை அல்வாவுக்காகவா வருகிறாள்? மதினிமார் கூட உட்காரவும், சிரிக்கவும், பூ வைத்துக்கொள்ளவும் வருகிறாள். சோற்றைக் காரணம் காட்டிச் சொந்தத்தை அறுப்பது எந்த ஊர் நியாயம்?

அவள் டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுவந்தால், ‘எங்க வீட்டுச் சோறு கசக்குதா’ என்று கேட்காதீர்கள். இலை போட்டு, அந்த இட்லியை இலையில் வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். முடிந்தால் முதல் பந்தியிலேயே, கரண்டிகள் கலப்பதற்கு முன்னால், உட்கார வையுங்கள். சமையல்காரரிடம் எதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். ‘அதெல்லாம் ஒண்ணும் இருக்காது’ என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள்.

நம் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வருகிறவனுக்குச் சோறு போடும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அடுத்து யார் வீட்டு விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனாலும், நாள், நேரம், மண்டபம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க வீட்டுல யாருக்காவது எதாவது ஆகாதா?” பதில் வந்தால் அதைச் சமையல்காரரிடம் சொல்லுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.