கதையும் மாலையும்

மாட்டுப் பொங்கல் எப்படி வந்தது? பாட்டி சொன்ன கதை இது: “தினம் எண்ணெய் ஸ்நானம், மாசம் ஒரு சாப்பாடு” என்று சிவன் சொல்லியனுப்பியதை நந்தி மாற்றிச் சொல்லிவிட்டதாம். தண்டனையாக ஏர் இழுக்கப் பூமிக்கு வந்ததாம். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு, மாடு கன்று பார்த்த பிறகு, கதை வேறு மாதிரி புரிகிறது. தை 2-ம் தேதி அண்ணாமலையார் கோயிலில் பெரிய நந்திக்குக் காய், கனி, வடை, முறுக்கு மாலை சாத்துகிறார்கள். சுவாமியே வந்து காட்சி தருகிறார். தண்டனை பெற்றவருக்கா இத்தனை மரியாதை? தினம் சாப்பிட்டது நாம். ஏர் இழுத்தது அது!

இன்று டிராக்டர் உழுதாலும், குழந்தைக்குப் பால் மாடுதானே தருகிறது? சகோதரிகளே, கதையோடு நன்றியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.