வக்கீல் யாருக்கு வக்கீல்?

அமெரிக்காவில் பொதுப் பள்ளிக்கூடங்களை நடத்துவதற்கென்று ஊருக்கு ஊர் போர்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஜனங்களின் ஓட்டினால் ஏற்பட்டவை. ஜனங்களின் வரிப்பணத்தினால் நடப்பவை. இந்தப் போர்டுகளின் சார்பாக, உடற்குறையோ புத்திக்குறையோ உள்ள குழந்தைகளின் படிப்பைப் பற்றிய சட்டத்தை மாத்திரமே தொழிலாகக் கொண்ட வக்கீல்கள் அங்கு இருக்கிறார்கள். தன் பிள்ளைக்குச் சரியான படிப்புக் கொடுக்கவில்லையென்று ஒரு தாய் முறையிட்டால், “கொடுத்தது போதும்” என்று போர்டின் பக்கம் நின்று வாதாடுவது இவர்கள் வேலையில் ஒரு பாகம். இதைக் கேட்டவுடன், “இதுவும் ஒரு பிழைப்பா?” என்று நமது வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் ஆத்திரப்படுவதற்கு முன் சங்கதியை முழுவதும் தெரிந்துகொள்வதுதான் பகுத்தறிவுக்காரர்களுக்கு அழகு.

முதலாவது, அந்தச் சட்டம் ஏன் வந்ததென்று பார்ப்போம். ஒரு காலத்தில் அத்தேசத்துப் பல மாகாணங்கள் இக்குழந்தைகளைப் பள்ளிக்கூட வாசற்படியிலேயே நிறுத்தி வைத்திருந்தன. பென்ஸில்வேனியா மாகாணத்தில், ஐந்து வயதுக்குரிய புத்தி வராத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மறுக்கலாமென்று சட்டமே இருந்தது. இங்கே “பூர்வஜென்ம கர்மம்” என்று சொல்லித் தள்ளுகிறோம். அங்கே “படிக்க லாயக்கில்லை” என்று சொல்லித் தள்ளினார்கள். வார்த்தைதான் வேறே தவிர, கதவு அடைபட்டது ஒன்றேதான்.

இதை எதிர்த்துப் பெற்றோர்கள் கூட்டங்கூடி அழுதுகொண்டிராமலும், கோவிலுக்கு நேர்ந்துகொண்டிராமலும், கோர்ட்டுக்குப் போனார்கள். தக்கபடி சொல்லிக்கொடுத்தால் இப்பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1971-ல் பென்ஸில்வேனியா சர்க்கார் ராஜிக்கு வந்தது. 1972-ல் வாஷிங்டன் நகர வழக்கொன்றில், பணப் பற்றாக்குறை இருந்தாலும் அதன் பாரத்தைக் குறையுள்ள பிள்ளைகளின் தலையில் மாத்திரம் அதிகமாகச் சுமத்தக்கூடாதென்று தீர்ப்பாயிற்று. 1975-ல் தேசம் முழுமைக்கும் சட்டம் வந்தது. அப்பொழுது அந்நாட்டில் இத்தகைய பிள்ளைகள் 80 லட்சத்துக்கு மேலென்றும், அவர்களில் 10 லட்சம் பேர் பள்ளிக்கூடத்துக்கு முற்றிலும் வெளியே இருக்கிறார்களென்றும் சட்டசபையே ஒப்புக்கொண்டது.

இச்சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமாகவும் தகுதியாகவும் படிப்புக் கொடுக்க வேண்டும். அதற்கான திட்டத்தைப் பெற்றோரையும் வைத்துக்கொண்டு எழுத்தில் எழுதி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்க்க வேண்டும். பெற்றோருக்குத் திருப்தியில்லாவிட்டால், பட்சபாதமற்ற அதிகாரியின் முன் விசாரணை கேட்கலாம். 2022-23-ல் இச்சட்டத்தினால் பலனடைந்தவர்கள் சுமார் 75 லட்சம் பேர். அதாவது பொதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் 100-க்கு 15 பேர்.

நிற்க. போர்டு வக்கீலின் வேலை முழுவதும் கெட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. சட்டம் இன்னது கேட்கிறதென்று போர்டாருக்கும் உபாத்தியாயர்களுக்கும் எடுத்துச் சொல்லி, “இந்தப் பிள்ளைக்கு இது கொடுத்தே தீர வேண்டும்” என்று முன்னதாகவே எச்சரிக்கிற வக்கீல், அந்தப் பிள்ளைக்கும் உபகாரிதான். போர்டுகளுக்கும் கஷ்டம் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆகும் சராசரிச் செலவில் 100-க்கு 40 வரையில் உதவுவதாக 1975-ல் சொன்ன மத்திய சர்க்கார், ஒரு வருஷமாவது அதை முழுசாகக் கொடுத்ததில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்து ராச்செஸ்டர் ஊர்ப் போர்டார், மூளை மிகவும் பழுதுபட்ட ஒரு சிறுவனால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது, ஆகவே அவனுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்று வாதாடினார்கள். 1988-ல் கீழ்க்கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது! கதவைத் திறப்பதற்காக வந்த சட்டத்தைக்கொண்டே கதவை மூடப் பார்த்தார்கள். 1989-ல் அப்பீல் கோர்ட்டுதான், இச்சட்டம் ஒரு பிள்ளையையும் விட்டுவிடவில்லையென்று சொல்லி அதைத் தள்ளிற்று.

1982-ல் ரௌலி வழக்கில், பிள்ளைக்கு ஏதோ பிரயோஜனம் இருந்தால் போதும், அதன் சக்தி முழுவதையும் வளர்க்க வேண்டுமென்று சட்டம் கேட்கவில்லையென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. இதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதற்குச் சற்று மேலே இருந்தாலே போதுமென்று சில கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லி வந்தன. போர்டு வக்கீல்களுக்கு அது நல்ல கேடயமாயிற்று. 2017-ல் கொலராடோ மாகாணத்து டக்ளஸ் கவுண்டி வழக்கில்தான் அது போதாதென்று சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாய்ச் சொல்லிற்று. நடுவில் 35 வருஷம்! அதற்குள் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக்கூட வயது கழிந்துபோயிருக்கும்?

இன்னும் கேளுங்கள். யார் முறையிடுகிறார்களோ அவர்களே ருஜுப்பிக்க வேண்டுமென்று 2005-லும், பெற்றோர் ஜெயித்தாலும் நிபுணர்களுக்குக் கொடுத்த பீஸைப் போர்டிடமிருந்து வாங்க முடியாதென்று 2006-லும் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. தஸ்தாவேஜு போர்டின் கையில். உபாத்தியாயர் போர்டின் சம்பளத்தில். நிபுணரும் போர்டின் ஆள். வக்கீலுக்குப் பீஸோ பொதுப்பணம். அதில் அந்தத் தாய் கட்டிய வரியும் சேர்ந்திருக்கிறது. தன்னை எதிர்ப்பவனுக்குத் தானே கூலி கொடுத்துவிட்டு, சாட்சிக்கும் தன் கைப்பணத்தைச் செலவழிக்க வேண்டுமென்றால், ஏழை என்ன செய்வாள்?

இது மாற்ற முடியாத தலையெழுத்தல்ல. மாகாணங்கள் தாங்களே சட்டஞ்செய்து, ருஜுப்பிக்கும் பொறுப்பை 2007-ல் நியூயார்க்கும் 2008-ல் நியூஜெர்ஸியும் போர்டுகளின் தலையிலேயே வைத்துவிட்டன. முறையீடு வந்ததும் நடக்கும் சமரசக் கூட்டத்துக்குப் பெற்றோர் வக்கீலை அழைத்து வராவிட்டால், போர்டும் அழைத்து வரக்கூடாதென்று 2004-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதரே திருத்தலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது ஒரே கேள்விதான். போர்டு வக்கீலின் கட்சிக்காரர் யார்? போர்டு என்றால் அவர் பதில் சொல்லிவிடலாம். ஆனால் போர்டு யாருடையது? ஜனங்களுடையது. அந்தக் குழந்தை ஜனங்களில் சேர்ந்ததல்லவா? எத்தனை தாய்மாரைத் தோற்கடித்தோம் என்பது இவருக்குக் கீர்த்தியாகாது. எத்தனை வழக்கு வராமலே பிள்ளைக்கு வேண்டியது கிடைத்தது என்பதுதான் கீர்த்தி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வேதம் தெரிந்தவன் ஒருவனே என்றிருந்தவரையில் புரோகிதன் கொழுத்தான். சட்டம் தெரிந்தவன் ஒருவனே என்றிருந்தால் அதே கதைதான் நடக்கும். தங்கள் பிள்ளைக்குரிய சட்டத்தைத் தாங்களே படித்துக் கேட்கத் துணிவதுதான் சுயமரியாதை. பென்ஸில்வேனியாப் பெற்றோர் அப்படித் துணிந்ததனால்தான் கதவு திறந்தது.